நான்காவது பகுதி

பாதி படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எழுதியது யாரென்று.

கட்டுரையில் பெயர் இல்லை. ஆய்விதழ்க்காரர்கள் பெயரை எடுத்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். மதிப்பிடுவது யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. அதுதான் ஏற்பாடு.

ஆனால் நான்காவது பகுதியில் ஒரு வரி இருந்தது. கணினி சிமுலேஷனோடு நிற்காமல், ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கேபிளைக் கையால் பிடுங்கியும் பார்த்தோம்.

கையால் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர்.

எம்.இ. வகுப்பில் பாடம் எடுக்கும்போது அவள்தான் சொல்வாள். "சிமுலேஷன் பொய் சொல்லும். போய் கேபிளைப் பிடுங்கிப் பாரு."

பிள்ளைகள் சிரிப்பார்கள். ஜெசிந்தா மட்டும் எழுந்து போய்ப் பிடுங்கினாள். அன்று சாயங்காலம் வரை கல்லூரியில் யாருக்கும் நெட் இல்லை.

இப்போது திருச்சியில் வேறொருவரிடம் பிஎச்.டி. செய்கிறாள். ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால்தான் தீசிஸ் கொடுக்க முடியும்.

மதிப்பிட வந்த கட்டுரை சோதித்திருந்தது, பாடம் எடுத்த இவளுடைய வழிமுறையையே.

ஒரு தடம் அறுந்தாலும், அனுப்பிய தகவலில் ஒரு துளிகூடத் தொலையாமல் வேறு தடத்தில் போய்ச் சேரும் என்று அவள் எப்போதோ எழுதியது. அவள் பெயரை யார் மேற்கோள் காட்டினாலும் அதற்காகத்தான் காட்டினார்கள். அதற்குப் பின் எழுதியதெல்லாம் ஓரத்தில் கிடந்தது.

தொலைகிறது என்றது நான்காவது பகுதி. ஐந்தில் ஒரு பங்கு.

குற்றம் சாட்டவில்லை. மூலக் கட்டுரை இதைக் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடும் என்று பணிவாக முடித்திருந்தது.

அந்தப் பணிவுதான் சுட்டது.

ஆய்வகத்துக்குப் போனாள். உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார். அவளே பிடுங்கிப் பார்த்தாள்.

தொலைந்தது.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வரவிருந்தது. தேர்வுக் குழுவில் யாரும் கட்டுரைகளைப் படிக்கமாட்டார்கள். எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்ப்பார்கள். அவளுடைய எண் தேவையானதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

நிராகரித்திருக்கலாம். நிராகரித்தால் அந்தப் பெண் வேறு இதழுக்கு அனுப்புவாள். நான்காவது பகுதியோடு.

ஏற்றுக்கொண்டாள். திருத்தங்களுடன்.

நல்ல முயற்சி என்று ஆரம்பித்தாள். அது உண்மை. நான்காவது பகுதி ஆய்வு முறைக்குப் பொருந்தவில்லை, நீக்கவும். இத்துறையின் பின்வரும் முக்கியமான கட்டுரைகளை மேற்கோளில் சேர்க்கவும்.

ஐந்தை எழுதினாள். ஐந்தும் அவளுடையவை.

எல்லோரும் செய்வதுதான். ஆள் தெரிந்துவிடாமல் இருக்க, நடுவில் அடுத்தவர் கட்டுரை ஒன்றிரண்டைச் செருகிவைப்பார்கள்.

அவள் செருகவில்லை. இடத்தை வீணாக்குவானேன்.

அனுப்பிவிட்டு, வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். காபிதான் வந்தது.

திருத்திய கட்டுரை திரும்பி வந்தபோது நான்காவது பகுதி இல்லை. ஐந்தாவது நகர்ந்து நான்காவதாகியிருந்தது. பிடுங்கிய இடத்தில் வடுகூடத் தெரியவில்லை. கடைசியில், பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி.

கட்டுரை வெளியான அன்று ஜெசிந்தா போன் செய்தாள்.

"பேப்பர் வந்துடுச்சு மேடம். இனிமே தீசிஸ் குடுத்துடலாம்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"கேபிளைப் பிடுங்குறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு ஒரு ரிவியூவர் எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்துட்டேன்."

"விடும்மா. ரிவியூவருங்க அப்படித்தான்."

அடுத்து திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில்கூடத் தயாராக இருந்தது.

"உங்க பேப்பர் அஞ்சையும் போட்டுட்டேன். போதுமா மேடம்?"

கேட்ட குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

போனை எப்போது வைத்தார்கள், யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை.

திரையில், மேற்கோள்களை எண்ணிக் காட்டும் தளத்தில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது. பெயர். பழைய படம். வலது ஓரத்தில் எண். காலையில் பார்த்ததைவிட ஏறியிருந்தது.

மேசைக்கடியில் குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கினாள்.

எண் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, திரும்பச் செருகினாள்.