திரும்பி நின்ற எண்கள்

1987 பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை பத்தே முக்கால். ஹார்லெம் நகரில் பனித்துகள் கலந்த தூறல். குழந்தைகள் புத்தகங்களுக்கு வாழ்நாளெல்லாம் படம் வரைந்த நெல்லெகா, மருத்துவரின் மேசைமுன் அமர்ந்திருந்தாள். நினைவு தடுமாறுகிறதா என்று சோதித்து, அவள் இனியும் தன் வீட்டில் தனியாக வாழலாமா, காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்பதை அவர் இன்று முடிவுசெய்வார்.

“ஒரு கடிகாரம் வரைங்கம்மா. மணி பதினொன்னு பத்து.”

“எத்தனை முயலுக்குத் தொப்பி வரைஞ்சிருக்கீங்க அத்தை, இது வெறும் வட்டம்தானே,” என்றாள் உடன் வந்திருந்த அண்ணன் மகள் சஸ்கியா.

பயத்தில் நெல்லெகாவின் கை தனக்குப் பழகிய வழியில் சென்றது. புத்தகப் படங்களை அச்சிடும் கல்லில் எதையும் இடவலம் மாற்றித்தான் வரைவாள். தாளில் ஒற்றியெடுக்கும்போது அது நேராகிவிடும். பென்சிலை வைத்த பிறகே பார்த்தாள்: பன்னிரண்டுக்கு இடப்புறம் ஒன்று, அதற்கடுத்து இரண்டு; எல்லா எண்களும் திரும்பி நின்றன.

“கல்லுல இப்படித்தான் வரையணும்.” என்றாள் நெல்லெகா.

“இங்க கல் இல்லையேம்மா,” என்றார் மருத்துவர், மிகக் கனிவாக.

சஸ்கியா தாளைப் பின்புறமாகத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கடிகாரம் சரியாகப் பதினொன்று பத்து காட்டியது. மருத்துவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு வேறொரு தாளில் முடிவை எழுதிக் கையொப்பமிட்டு, “வீட்டுக்குப் போய்ப் படிங்க,” என்று கவிழ்த்துக் கொடுத்தார்.

மெல்லிய தாள், மை பின்புறம் ஊறி எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. அதை வாசிக்க நெல்லெகா தாளைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. ‘தன் வீட்டிலேயே வாழலாம்’ என்ற முதல் வரியிலேயே அவள் சஸ்கியாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.