எழச் சொல்ல வேண்டியவள்

மழையில் முற்றத்தைக் கூட்டச் சொன்னதற்கு, "எதுக்கு மதர்?" என்று கேட்டுவிட்டாள் சலேத். அந்தக் கன்னியர் மடத்தில் கேள்வி கேட்டவள் சிற்றாலய வாசலில் குப்புறப் படுக்க வேண்டும். மற்ற சகோதரிகள் அவளைத் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போவார்கள். மதர் "எழுந்திரு" என்று சொன்னால்தான் அவள் எழலாம். மதர் அதைச் சொல்லாமலே, சாப்பாட்டு மேசையில் சாய்ந்து இறந்துபோனார்.

"எந்திரிடி, மதர் போயிட்டாங்க," என்று அழுதாள் அவளோடு மடத்தில் சேர்ந்த அருளாயி.

"மதர் சொல்லலையே," என்றாள் சலேத், தரையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

சவப்பெட்டியும் அவளைத் தாண்டியே போனது. யாரோ பிடித்திருந்த மெழுகுவர்த்தி அவள் பிடரியில் சொட்டியது. அவள் அசையவில்லை. பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்தது. கீழ்ப்படிதலில் இவளுக்கு மேல் யார் என்று, புதிய மதராக அவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

அருளாயி மடத்தின் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையருகே வைத்தாள். "இப்ப நீங்கதான் மதர். நீங்களே சொல்லிட்டு எந்திரிங்க."

சலேத் மெல்லத் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் கல்லின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. தன்னைத் தாண்டிப் போன கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் படுங்க."

நின்ற இடத்திலேயே படுத்தார்கள். எதுக்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சாவிக்கொத்தின் சத்தம் முதுகுகளைத் தாண்டித் தாண்டிப் போனது. அந்த ஒரு வார்த்தைக்காக அருளாயி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். வெளியே மழை வலுத்தது. முற்றத்தை யாரோ கூட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது.