பரளச்சி வளைவு

தட்டச்சு வகுப்பு முடிந்து ஸ்கூட்டியில் திரும்பும்போது, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, என் சிநேகிதி தங்கச்செல்வியோடு பேசிக்கொண்டே வருவேன். மில் வேலை முடிந்து அவளும் அப்படித்தான், அதே ரோட்டில் எனக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருப்பாள். ஆடி மாதம் ஒருநாள், நான் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தபடியே பரளச்சி வளைவில் லாரியில் மோதி இறந்துபோனாள். அதிலிருந்து போனை அணைத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

இன்று மாலை ஆறு பத்துக்கு, அந்த வளைவுக்குச் சற்று முன்னால், ஹெல்மெட்டுக்குள் அவள் பேசினாள். சரியாகத்தான் கேட்டேனா என்று இப்போதும் சந்தேகம்.

“ஏடி வாயாடி, வளைவு வருது. செத்த வாய மூடு. வீட்டுக்குப் போயிப் பேசுவோம், வைக்கிறேன்.”

வண்டியை ஓரங்கட்டிச் சீட்டைத் திறந்தேன். போன் அணைந்தே கிடந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், “வச்சிராதடி” என்றேன்.