பாம்பு கவிழ்த்த படகு

புதிதாகத் திறந்த ஏரிக்கரை ஹோட்டலுக்கு வந்தவர்களை எல்லாம் அவள் வாசலிலேயே மறித்தாள்.

"ஏரிக்குள்ள பெரிய பாம்பு இருக்குங்க. படகைக் கவிழ்த்து என் புருஷனை இழுத்துட்டுப் போயிடுச்சு."

ஒரே வாரத்தில் பாதி அறைகள் காலி. முதலாளி பதறிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா என் பிழைப்புல மண்ணைப் போடுற? பாம்பாவது கீம்பாவது! எல்லாம் கட்டுக்கதை."

"நாலு வருஷம் முன்னாடி பாம்புதான் படகைக் கவிழ்த்துச்சுன்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்ததே நீங்கதானே ஐயா?"

முதலாளிக்கு முகம் வெளுத்தது.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். "உங்க ஓட்டைப் படகுலதான் அவர் செத்தார்னு இதுல எழுதுங்க. இப்பவே போயிடறேன்."

அவர் கை நீளவில்லை.

அடுத்த பஸ் வந்து நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிலிருந்து இறங்கிய விருந்தினர்களை நோக்கி நடந்தாள்.