தலையணையில் பச்சைப் பொட்டுகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று பேருக்கு ஒரே கிருமியால் காய்ச்சல் வந்தபோது, டாக்டர் பர்வீனின் சந்தேகம் கட்டிலோரக் கை கழுவும் தொட்டிகளின் மேல் விழுந்தது. தலைமைச் செவிலியர் ஜெசிந்தா பல வருடம் போராடி வாங்கிய தொட்டிகள் அவை. அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், காலியாக இருந்த ஒரு கட்டிலுக்கு அவரை அழைத்துப் போனார். தொட்டியில் தண்ணீர் வடியும் துளைக்குள் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்தார். பிறகு திரையை இழுத்துவிட்டு நீல விளக்கைப் பிடித்தார். கட்டில் கம்பியிலும் தலையணையிலும் பச்சைப் பொட்டுகள் மின்னின.

"தினமும் நானே நின்னு தேய்க்க வைக்கிறேன் டாக்டர்," என்றார் ஜெசிந்தா.

"தெரியும் சிஸ்டர். ஆனா கிருமி இருக்கிறது வடிகுழாய்க்கு உள்ள, அங்க யார் கையும் போகாது. தண்ணி விழுறப்போ அங்கேருந்துதான் தெறிக்குது."

ஜெசிந்தா தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க. கழுவணும்னா நாங்க வராந்தாவுல இருக்கிற தொட்டிக்கு நடந்து போய்க்கிறோம்."

தொட்டிகள் இருந்த இடங்களைப் பூசி மூடினார்கள். அதன் பிறகு புதிதாக யாருக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஈரக் கைகளை உயர்த்திப் பிடித்தபடி ஜெசிந்தா வராந்தாவிலிருந்து வருவதைப் பார்த்தால் போதும், பர்வீன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார்.