அளவெடுக்கும்போது பேசக் கூடாது

"காதுக்கு மெஷின் வாங்குங்கன்னா, வீட்டுக்கே வாங்கிட்டு வந்திருக்கார்," என்றாள் குமுதவல்லி, ஸ்பீக்கர் மாட்ட வந்தவனிடம். டிவி பக்கம் திரும்பி நின்ற கணவர் பத்மநாபனுக்கு அது கேட்கவில்லை. பழைய பெட்டியில் வசனம் தெளிவில்லை என்பதுதான் அவர் கட்சி. புது ஹோம் தியேட்டரின் ரிசீவர் முதலில் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒலி எழுப்பி, அதை மைக்கில் கேட்டு அறையை அளக்குமாம். அவருடைய நாற்காலியில் அவருக்குப் பதிலாக ஒரு குட்டி மைக் உட்கார்ந்திருந்தது. "முடியுற வரைக்கும் யாரும் பேசக் கூடாதும்மா," என்றான் வந்தவன். "இந்த வீட்ல அது எனக்குப் பழக்கம்தான்." ஒவ்வொரு ஸ்பீக்கராக உய்ங் என்றது. நடுவில் அவள் அவர் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில், "நாளைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்லை," என்றாள். உய்ங் நின்றது. அறையில் சத்தம் என்று டிவி திரை சொன்னது. "யாருய்யா சத்தம் போட்டா? ஓட்டைப் பெட்டியை என் தலையில கட்டிட்டியா?" என்று கத்தினார் பத்மநாபன். "சார், அம்மாதான் ஏதோ..." "அவ எங்கய்யா பேசினா? பேசினா எனக்குக் கேட்காதா? மறுபடி போடு." மறுபடி உய்ங் என்றது. குமுதவல்லி நாற்காலிப் பக்கம் குனிந்து மைக்கிடம் அதையே, இன்னும் மெதுவாகச் சொன்னாள். உய்ங் நின்றது.