மாமா அறைக்குப் பச்சை

"கட்டிலைத் திருப்பு. அலமாரியைத் தூக்கி ஜன்னல் பக்கம் போடு" என்றாள் இவாட்னி பெரியம்மா.

மாமா செத்து ஒன்பதாம் இரவுச் சடங்கு முடிந்து வெயில் ஏறிவிட்டது. வறுத்த மீன் தீர்ந்தது, ரம் தீர்ந்தது, பாடிப் பாடி எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஊர்க்காரர்கள் போய்விட்டார்கள்.

எக்பர்ட் மாமாவை வழியனுப்ப இந்த ஒரு வேலைதான் பாக்கி.

ஜமைக்காவில் எங்கள் பக்கம் செத்தவர் அறையை மாற்றிப் போட்டுவிடுவோம். ஆவி திரும்பி வந்தால் அது தன் அறை என்று தெரியக் கூடாது. குழம்பிப் போய்க் கல்லறைக்கே திரும்பிவிடும்.

எனக்கு அது வேண்டாம். அவர் வர வேண்டும்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்த மனுஷன். நினைத்தபோது உள்ளே வந்து, தன் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கட்டும்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்ல முடியாது. செத்தவர்களைப் பிடித்து வைப்பது பாவம் என்பாள். தம்பி நிம்மதியாகப் போக வேண்டும் என்பது அவள் கவலை. அதுவும் நியாயம்தான்.

நான் அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"தள்ளுடி ஷெர்னெட். உள்ள என்ன, உன் மாமன் எவளையாவது ஒளிச்சு வச்சிருக்கானா?"

"இருந்தா ராத்திரி ரம்மை அவளே குடிச்சிருப்பா, உன் வரைக்கும் வந்திருக்காது பெரியம்மா."

அவள் மகன் லின்வல் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நேற்றைய போதை இன்னும் இறங்கவில்லை. மஹோகனி அலமாரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அந்த அறையில் எதையும் நகர்த்த மாமா விட்டதில்லை. கூட்டும்போது ஸ்டூல் ஒரு விரல் அகலம் தள்ளிப் போனாலும் தெருவுக்குக் கேட்கும்படி கத்துவார். வயசாக வயசாகக் கிழவனுக்குத் திமிர் ஏறுகிறது என்று தெருவே பேசியது.

நான் சுவரைப் பார்த்தேன். ஆரஞ்சு. அவருடைய கட்சி ஜெயித்த வருஷம் அவரே அடித்தது. கட்சி பிறகு எத்தனையோ முறை தோற்றது. சுவர் அப்படியே இருந்தது.

"பெரியம்மா, அலமாரி என்ன அலமாரி. இந்த அறைக்கு அடையாளமே ஆரஞ்சுதானே? பச்சை அடிச்சா?"

அவள் வாயைப் பிளந்தாள். பச்சை, அடுத்த கட்சியின் நிறம்.

"பச்சையா! அவனுங்க கலருன்னு கீரையே திங்காதவன்டி அவன்!" தொடையைத் தட்டிக்கொண்டாள். "பச்சை ரூமுக்குள்ள செத்தாலும் கால் வைக்க மாட்டான்!"

"அப்ப அலமாரியைத் தூக்க வேணாமில்ல?" என்று லின்வல் கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. பெயின்ட் வாங்க ஓடியே போனான்.

மூவருமாக அடித்தோம். சுவரோடு ஒட்டியிருந்த சாமான்களுக்குப் பின்னால் அடிக்கவில்லை. தெரிகிற இடம் போதும் என்றேன். லின்வல் ஆமென் என்றான்.

மதியத்துக்குள் அறை வாழைத் தோப்பு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டேன். கட்டிலுக்குப் பச்சை விரிப்பு போட்டேன். யாரும் கேட்காமல் நானே செய்தேன்.

பெரியம்மா காலி பாட்டில் அடியில் தங்கிய சொட்டு ரம்மை மூலைகளில் தெளித்தாள். பிறகு வாசல்படியில் நின்று, இடுப்பில் கை வைத்து, கட்டிய தொண்டையோடு கத்தினாள்.

"எக்பர்ட்! இது உன் வீடு இல்லடா! நல்லாப் பாத்துக்க, பாத்துட்டுப் போய்ச் சேரு!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு ஜெயித்த சந்தோஷத்தில் கை தட்டினாள்.

நானும் தட்டினேன். அவளைவிடப் பலமாக.

அவர்கள் வண்டி திருப்பம் தாண்டும் வரை கையசைத்தேன். உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு கதவிலிருந்து நடந்தேன். கை நீட்டிய இடத்தில் நாற்காலி. அதை விட்டால் அலமாரியின் முனை. முனையிலிருந்து திரும்பினால் முழங்காலில் கட்டில்.

எதுவும் நகரவில்லை.

மாமாவுக்கு இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷம் ஆகிறது. என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.